தோற்ற ஆட்டத்துக்கும் ஒரு பேரேடு

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இன்றும் தடித்த கணக்குப் புத்தகங்கள் கிடைக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் அன்றன்றைய கொடுக்கல் வாங்கலை முதலில் குறிப்பேட்டில் எழுதினார்கள். பிறகு அதைத் தலைப்பு பிரித்துப் பேரேட்டுக்குக் கொண்டுபோனார்கள். குறித்த காலத்துக்கு ஒருமுறை ஐந்தொகை போட்டுப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்பது ஒரு புத்தகத்தில் இருக்கும், அது எந்தக் கணக்கில் சேரும் என்பது இன்னொன்றில். மொத்தத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது கடைசியில் தெரியும்.

செஸ் ஆடுகிறவர் தன் ஆட்டங்களிலிருந்து கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன். நம்மில் பெரும்பாலோரிடம் குறிப்பேடு மட்டும்தான் இருக்கிறது. ஆடிய மூவை வரிசையாக எழுதும் ஸ்கோர் ஷீட்டைத்தான் சொல்கிறேன். அது பைக்குள் மடங்கிக் கிடந்து, அடுத்த போட்டிக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்து நனைந்து, ஒருநாள் குப்பைக்குப் போகிறது. பேரேடு யாரிடமும் இல்லை. அதனால்தான் 1450 ரேட்டிங்கில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இருக்கும் ஒருவர் நான்கு வருடம் ஆடியும் 1450லேயே இருக்கிறார். ஆட்டம் குறைவாக இருந்து அப்படி ஆகவில்லை. ஒரே தவறு நாற்பது தடவை நடந்திருக்கிறது, நாற்பது தடவையும் அது புதுசு மாதிரி தெரிந்திருக்கிறது.

காரைக்குடிக்காரர்களுக்கு இதில் தனி உற்சாகம் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்று, இந்தியாவின் 79வது கிராண்ட்மாஸ்டர் ஆன எம். பிரணேஷ் இந்த ஊர்ப் பையன்தான். ஆனால் இந்தக் கட்டுரை கிராண்ட்மாஸ்டர் ஆகப்போகிறவர்களுக்கு இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, கல்லூரியில் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறி ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஹாலுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

காய்களின் பெயரில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. இங்கே யானை என்றால் மூலையில் நிற்கும் காய், பிஷப் என்றால் குறுக்கே போகும் காய். கட்டங்களை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச் என்ற எழுத்தும் எண்ணும் சேர்த்து எழுதுகிறேன்.

குறிப்பேடு ஒழுங்காக இருக்க வேண்டும்

மூவை எழுதுவது எல்லோருக்கும் தெரியும். நேரத்தை எழுதுவது பலருக்குத் தெரியாது. ஸ்கோர் ஷீட்டில் மூவ், கடிகார நேரம், டிரா கேட்டது, ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) வைக்கும் கோரிக்கை சம்பந்தமானது ஆகியவற்றை எழுதிக்கொள்ள உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி அனுமதிக்கிறது. ஆச்சரியக் குறி, கேள்விக் குறி, "இங்கே யோசி" மாதிரி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகளுக்கு இடமில்லை. மூவை ஆடுவதற்கு முன்னால் எழுதிவைத்துப் பார்ப்பதும் கூடாது. சின்னப் பிள்ளைகள் இதில்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள். முதலில் காயை நகர்த்து, கடிகாரத்தை அமுக்கு, பிறகு எழுது.

நேரத்தை ஒவ்வொரு மூவுக்கும் எழுதினால் அதுவே தொந்தரவாகிவிடும். ஐந்து மூவுக்கு ஒரு தடவை மிச்ச நிமிடத்தை எழுதினால் போதும். அதோடு, ஒரு மூவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் யோசித்திருந்தால் அந்த மூவுக்குப் பக்கத்திலும் எழுத வேண்டும். பின்னால் ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, எங்கே தடுமாறினோம் என்பதற்கு இந்த எண்களைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மூளை பொய் சொல்லும், கடிகாரம் சொல்லாது.

90 நிமிடமும் மூவுக்கு 30 நொடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில் கடைசி மூவ் வரை எழுதியே ஆக வேண்டும். 30 நொடி கூடுதல் இல்லாத நீண்ட ஆட்டத்தில், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதுவதை நிறுத்தலாம். குறைந்த நேரத்தில் முடியும் ரேப்பிட் ஆட்டத்தில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. நம் பக்கத்து ஒருநாள் போட்டிகள் பெரும்பாலும் ரேப்பிட் என்பதால் இது பெரிய ஓட்டை. ஒரே நாளில் ஆறு ஏழு ரவுண்டு ஆடிவிட்டு வீட்டுக்கு வரும்போது மூன்றாவது ரவுண்டும் நான்காவது ரவுண்டும் கலந்துபோயிருக்கும். கட்டாயம் இல்லையே தவிர, எழுதக்கூடாது என்று இல்லை. முதல் 15 மூவையாவது எழுதிவிடுங்கள். ஓப்பனிங் கையில் இருந்தால் மிச்சத்தை நினைவிலிருந்து கட்டி எழுப்பலாம். ரவுண்டு முடிந்ததும் வெளியே வந்து, டீ குடிக்கும் முன், மீதியை எழுத வேண்டும். ஒரு ரவுண்டு தள்ளிப்போட்டால் கடைசிப் பத்து மூவ் போய்விடும்.

பஸ்ஸில் இருக்கும் இரண்டு மணி நேரம்

ஆட்டம் முடிந்ததும் எதிரில் ஆடியவரோடு பத்து நிமிடம் பலகையில் பேசுவது பழைய வழக்கம். இப்போது குறைந்துவிட்டது. ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இது பெரிய நஷ்டம். எதிராளியின் தலைக்குள் என்ன ஓடியது என்பதை எந்த எஞ்சினும் (செஸ் ஆடும் கணினி நிரல்) சொல்லாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது.

"தம்பி, இங்க குதிரையை ஏன் பின்னாடி இழுத்தீங்க?"

"யானை ஏழாவது வரிசைக்கு வந்துரும்னு பயந்துட்டேன் அண்ணே."

யானை வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று இருவரும் சேர்ந்து பார்த்தால், இல்லாத மிரட்டலுக்குப் பயப்படுகிற பழக்கம் அந்தத் தம்பிக்கு இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். அண்ணனுக்கும் லாபம் உண்டு: தான் கவனிக்காமலே ஒரு மிரட்டலை உண்டாக்கியிருந்தோம் என்று தெரிகிறது. யார் சரி என்று நிரூபிக்க உட்கார்ந்தால் மட்டும் இது கெட்டுப்போகும்.

காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திரும்பி வரும் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் போனில் எஞ்சினைத் திறக்காதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே கடைப்பிடிக்கக் கடினமான விதி, பலன் அதிகமுள்ளதும் இதுதான். எஞ்சின் ஒரு முறை பதில் சொல்லிவிட்டால் நம் நினைவு அதற்கேற்றபடி மாறிவிடுகிறது. "அதைப் பார்த்தேன், ஆனா ஆடலை" என்று மனசார நம்ப ஆரம்பித்துவிடுவோம். உண்மையில் பார்த்திருக்கவே மாட்டோம். பிறகு அந்தத் தவறைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது? கணக்கு அங்கேயே இடிக்க ஆரம்பிக்கிறது.

ஆகவே பஸ்ஸில் ஒரு லாங் சைஸ் நோட்டும் பேனாவும். வண்டி ஆடும், கையெழுத்து கோணும், பரவாயில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் இப்போது எழுதுவது: எந்த மூவில் என்ன நினைத்தேன், வேறு எதை ஆட நினைத்துக் கைவிட்டேன், எதற்குப் பயந்தேன். வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். எல்லா மூவையும் எழுத முடியாது, தேவையும் இல்லை. ஒரு ஆட்டத்தில் மூன்று அல்லது நான்கு இடம் போதும். அதிக நேரம் எடுத்த மூவ் ஒன்று. எதிராளி ஆடியதைப் பார்த்துத் திடுக்கிட்ட இடம் ஒன்று. "இங்கேதான் கைமீறிப்போச்சு" என்று அப்போதே தோன்றிய இடம் ஒன்று. நான்காவதுதான் முக்கியமானது: பத்து நொடிக்குள் யோசிக்காமல் ஆடி, அதில் காய் வெட்டும் நடந்திருந்தால் அந்த மூவ். புதுக்கோட்டை வழி வந்தால் திருமயம் கோட்டை தாண்டுவதற்குள் எழுதி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தூக்கம் வரும்.

கடைசித் தவறைப் பிடிக்காதீர்கள்

ஒரு எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். பள்ளி மட்டத்துப் போட்டிகளில் நிறையப் பேர் விழுகிற குழி இது. வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காவது மூவில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. கறுப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் பாதையை அடைக்கிறது. இதுவரை சரி. வெள்ளை அந்தச் சிப்பாயை ஈ4 சிப்பாயால் வெட்டுகிறது. ஐந்தாவது மூவில் கறுப்பு எஃப்6 குதிரையால் டி5ல் திருப்பி வெட்டுகிறது.

இப்போது வெள்ளை ஒரு குதிரையையே கொடுக்கிறது: குதிரை எஃப்7ஐ வெட்ட, ராஜா அதை வெட்ட, ராணி எஃப்3ல் செக். அந்த செக் ராஜாவையும் டி5 குதிரையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. குதிரையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ராஜா ஈ6க்கு, பலகையின் நடுவுக்கு வர வேண்டும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரை சி3க்கு வந்து டி5 மேல் சுமையைக் கூட்டுகிறது. அதன்பின் நேருக்கு நேர் உட்கார்ந்து இதைத் தாக்குப்பிடிக்க அமெச்சூர் ஆட்டக்காரரால் பெரும்பாலும் முடிவதில்லை.

தோற்ற பையன் வீட்டுக்கு வந்து என்ன எழுதுகிறான்? "ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது." அது விளைவு. இன்னொருவன் எழுதுகிறான், "இத்தாலியன் ஓப்பனிங் சரியில்லை, அடுத்த தடவை வேற ஆடணும்." இது அதைவிட மோசம், ஏனென்றால் அடுத்த தடவை வேறு ஓப்பனிங்கில் இதே தவறு நடக்கும். நேரக் குறிப்பைப் பார்த்தால் ஐந்தாவது மூவுக்கு மூன்று நொடிதான் ஆகியிருக்கும். அவன் வெட்டினான், நான் திருப்பி வெட்டினேன். நடந்தது அவ்வளவுதான். குதிரை ஏ5க்குப் போய் சி4 பிஷப்பைத் தாக்கியிருக்கலாம் என்பது பார்வைக்கே வரவில்லை. அங்கிருந்து பிஷப் பி5ல் செக், சி6, சிப்பாய் வெட்டு, பி சிப்பாயால் திருப்பி வெட்டு என்று போனால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைகிறது. ஆனால் வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் இடம் தேடி ஓட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் கறுப்புக் காய்கள் வெளியே வந்துவிடும்.

ஆகவே பேரேட்டில் இதை எழுத வேண்டிய தலைப்பு ராஜாவின் பாதுகாப்பும் அல்ல, இத்தாலியனும் அல்ல. "யோசிக்காமல் திருப்பி வெட்டியது" என்பதுதான் தலைப்பு. அப்படி எழுதிவிட்டு பழைய ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டுங்கள். குயின்ஸ் காம்பிட் ஓப்பனிங்கில் ஒன்று, ஆட்டத்தின் கடைசிக் கட்டமான எண்ட்கேமில் ஒன்று என்று அதே தலைப்பில் நாலைந்து கிடைக்கும். கிடைக்கும்போது முதுகு சில்லிடும்.

தவறைக் காட்டும் மூவுக்கும் தவறு பிறந்த மூவுக்கும் நடுவே இரண்டிலிருந்து ஆறு மூவ் வரை இடைவெளி இருப்பது சாதாரணம். காய் போன இடத்தில் நின்றுவிடாமல் பின்னோக்கி நடக்க வேண்டும். "இதற்கு முன்னால் எந்த மூவில் எனக்குத் தேர்வு இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே போய், நல்ல தேர்வு கையில் இருந்த கடைசி இடத்தில் நிறுத்துங்கள். பேரேட்டுக்குப் போவது அந்த மூவ்தான்.

எஞ்சினை எப்போது, எப்படி

மறுநாள். முதலில் எஞ்சினை அணைத்துவைத்து, லிச்செஸ் தளத்தில் ஸ்டடி ஒன்றில் ஆட்டத்தை ஏற்றுங்கள். அது இலவசம், நிறைய ஆட்டங்களை வைத்துக்கொள்ளலாம். நிஜப் பலகையிலும் அடுக்கிக்கொள்ளுங்கள். திண்ணையில் விரிக்கும் சுருட்டுப் பலகையும் பிளாஸ்டிக் காய்களும் போதும். போட்டியில் கண் பார்க்கப்போவது அந்தப் பலகையைத்தான், திரையை அல்ல. பஸ்ஸில் எழுதிய மூன்று நான்கு இடங்களில் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், கையால் காய் நகர்த்தித் தேடுங்கள். குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் வரை எஞ்சின் இல்லாமல்தான் அவரைப் பழக்கினார். உலக சாம்பியனுக்கு ஏற்றது நமக்கும் ஏற்றதா என்றால், இந்த ஒரு விஷயத்தில் ஆமாம்.

அதன்பிறகு எஞ்சின். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் ஒரு வரி (ஒரு மூவும் அதன் தொடர்ச்சியும்) மட்டும் காட்டும்படி வைக்காமல் மூன்று வரி காட்டும்படி மாற்றுங்கள். ஒரு வரி மட்டும் தெரிந்தால் "இதுதான் சரியான மூவ், மற்றதெல்லாம் தப்பு" என்ற எண்ணம் வந்துவிடும். மூன்று வரியும் 0.4, 0.3, 0.3 என்று இருந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, கடந்துபோங்கள். முதல் வரி 0.5, இரண்டாவது மைனஸ் 2 என்றால், அந்த இடத்தில் ஒரே ஒரு மூவ்தான் ஆட்டத்தைத் தாங்கியிருக்கிறது. அங்கே உட்காருங்கள். எஞ்சின் கணக்கில் 1 என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாயின் மதிப்பு. 1500 மட்டத்தில் அரைச் சிப்பாய்க்குக் கீழான வித்தியாசத்தில் ஆட்டம் முடிவாவதில்லை. அதற்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

எஞ்சின் சொல்லும் நல்ல மூவைப் பார்த்துத் தலையாட்டுவதில் பலன் குறைவு. நீங்கள் ஆடிய மூவை, அல்லது ஆட நினைத்த மூவைப் பலகையில் வைத்து, "இதில் என்ன தப்பு?" என்று எஞ்சினின் பதிலைக் கேளுங்கள். அது ஒரு பதில் ஆடும். நீங்கள் அதற்கு ஒன்று ஆடுங்கள். தப்பு புரியும்வரை அதனோடு சண்டை போடுங்கள். புரிந்ததற்கு அடையாளம், ஒரு வரித் தமிழில் காரணத்தைச் சொல்ல முடிவது. "சி2ல் குதிரை விழுந்து ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடிக்கும்" என்பது காரணம். "எஞ்சின் மைனஸ் 1.8 காட்டுது" என்பது காரணம் இல்லை. ஒரு வரியில் சொல்ல வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது இன்னும் உங்கள் மட்டத்துக்கான பாடம் ஆகவில்லை.

தளங்கள் காட்டும் துல்லிய சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 20 மூவில் எதிராளி காயை இலவசமாகக் கொடுத்துவிட்ட ஆட்டத்தில் 95 காட்டும். 60 மூவ் உயிரைக் கொடுத்துப் போராடித் தோற்ற ஆட்டத்தில் 78 காட்டும். இரண்டாவதில்தான் நீங்கள் நன்றாக ஆடியிருப்பீர்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

இப்போது நோட்டின் வலப்பக்கம். இடப்பக்கத்தில் நீங்கள் நினைத்ததற்கு நேராக, உண்மை என்ன என்று எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்கள்தான் பேரேட்டுக்குப் போகின்றன.

தலைப்புகள்

தலைப்புகளை யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டாம். உங்கள் தவறுக்கு உங்கள் வார்த்தையில் பெயர் வையுங்கள். ஆனாலும் பெரும்பாலோருக்குப் பொதுவாக வருபவை சில.

முதலாவது, காவல் இல்லாத காய். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் உள்ள இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிவிடும். அதனால் ஆட்டைப் பார்ப்பதைவிட அதன் பின்னால் இருக்கும் காலி இடத்தைப் பார்க்கப் பழகுகிறோம். செஸ்ஸில் அதே கண் வேண்டும். காவல் இல்லாத காய் இப்போது தாக்கப்படாமல் இருக்கலாம். ஆனால் ராணி ஒரு செக் கொடுத்து அதையும் சேர்த்துப் பிடிக்கக் காத்திருக்கும். 1600க்குக் கீழே இழக்கும் காய்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது என்பது என் கணிப்பு. மருந்து: எதிராளி ஆடியதும் செக், வெட்டு, மிரட்டல் என்ற மூன்றையும் அவர் பக்கத்திலிருந்து பார்ப்பது. பத்து நொடி வேலை. இதைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்தில் எத்தனை மூவுக்குச் செய்தோம் என்பதை எழுதிவைத்துப் பார்த்தவர் குறைவு.

அடுத்தது, தவறான காய் மாற்று. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது தவறாகவே தெரியாது. பதற்றத்தில் இருப்பவருக்குக் காய் மாற்று நிம்மதி தருகிறது. பலகை எளிதானது மாதிரி இருக்கும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிங் லிரன் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். 55வது மூவில் யானையை எஃப்2ல் வைத்து மாற்றுக்கு அழைத்தார். குகேஷ் யானையை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5ல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்ததால் அந்த மாற்றிலிருந்தும் தப்ப வழியில்லை. இரண்டும் போனதும் மிச்சம் ராஜாவும் சிப்பாயும். அது தோற்ற எண்ட்கேம். 58வது மூவில் ஆட்டம் முடிந்தது. உலக சாம்பியனுக்கே நடந்தது என்றால், மாற்று என்பது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை என்று புரிகிறது.

அந்தக் கணக்குக்கு அடிப்படை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை ராஜா ஈ4, சிப்பாய் ஈ3, கறுப்பு ராஜா ஈ6. வேறெதுவும் இல்லை. கறுப்பு ஆட வேண்டும் என்றால் வெள்ளை ஜெயிக்கிறது. வெள்ளை ஆட வேண்டும் என்றால் டிரா. அதே நிலையில் சிப்பாய் ஈ2ல் இருந்தால், வெள்ளை ஆட வேண்டியிருந்தாலும் சிப்பாயை ஈ3க்குத் தள்ளி முறையைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம், ஆட்டம் வெற்றி. ஒரு சிப்பாய் மூவ் கையிருப்பில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒரு புள்ளிக்கும் அரைப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். எல்லாக் காயையும் மாற்றிக்கொள்ளும் முன், கடைசியில் நிற்கப்போகும் படத்தை இந்த அளவுக்குப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு யானையையாவது பலகையில் வைத்துக்கொள்வது நல்லது.

நேர நெருக்கடி தனித் தலைப்பு இல்லை என்பது என் எண்ணம். 35வது மூவில் இரண்டு நிமிடத்தில் காயை விட்டவர், உண்மையில் 14வது மூவில் 27 நிமிடம் செலவழித்ததற்கான வட்டியைக் கட்டுகிறார். ஆகவே அந்தப் பெரிய செலவைத்தான் பேரேட்டில் எழுத வேண்டும். அந்த 27 நிமிடத்தில் என்ன யோசித்தீர்கள்? பெரும்பாலும் இரண்டு மூவுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஊசலாடியிருப்பீர்கள், கடைசியில் பார்க்காத மூன்றாவது ஒன்றை ஆடியிருப்பீர்கள். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு மூவுக்குக் கால் மணி நேரம் என்பது அதிகபட்சம் இரண்டு தடவை தாங்கும்.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது தளர்ந்தது, திட்டமில்லாமல் காயை முன்னும் பின்னும் நகர்த்தியது, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ரவுண்டில் தூக்கக் கலக்கம் என்று இன்னும் வரும். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் எழுதுங்கள். ரவுண்டு எண்ணையும் சேர்த்து எழுதினால், சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று சில மாதத்தில் தெரிந்துவிடும்.

ஜெயித்த ஆட்டமும் நோட்டுக்கு வர வேண்டும். எதிராளி பார்க்காமல் விட்டதால் தண்டனை இல்லாமல் தப்பிய தவறு அதில்தான் ஒளிந்திருக்கும். வராக் கடன் மாதிரி அது. இந்த ஆண்டு கணக்கைக் கெடுக்காது, அடுத்த ஆண்டு கெடுக்கும்.

ஐந்தொகை

ஐந்து ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 25 ஆட்டம் சேரட்டும். ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை தவறு என்று மட்டும் எண்ணாமல், எத்தனை அரைப் புள்ளி போனது என்று எண்ணுங்கள். டிரா ஆக வேண்டியது தோல்வியானால் ஒரு அரைப் புள்ளி, ஜெயிக்க வேண்டியது தோல்வியானால் இரண்டு.

அரைப் புள்ளியின் விலை ரேட்டிங்கில் துல்லியமாகத் தெரியும். ரேட்டிங் மாற்றம் என்பது நாம் எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்க்கப்பட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை கே என்ற எண்ணால் பெருக்குவது. நீண்ட ஆட்டத்தில், புதிதாக ரேட்டிங் பெற்றவர்களுக்கு முதல் 30 ஆட்டம் முடியும்வரையும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2300க்குக் கீழே இருக்கும்வரையும் கே 40. மற்றவர்களுக்கு 2400 தொடும்வரை 20. ஆகவே ஒரு அரைப் புள்ளி பள்ளிப் பிள்ளைக்கு 20 ரேட்டிங், பெரியவருக்கு 10. "யோசிக்காமல் திருப்பி வெட்டியது" என்ற தலைப்பில் 25 ஆட்டத்தில் ஆறு அரைப் புள்ளி போயிருந்தால், பெரியவருக்கு அது 60 புள்ளி. புது ஓப்பனிங் வீடியோ பார்க்கலாமா, எண்ட்கேம் படிக்கலாமா என்ற குழப்பத்துக்கு இந்த ஒரு எண் பதில் சொல்லிவிடும். எந்தத் தலைப்பில் அதிகம் போயிருக்கிறதோ அதை மட்டும் அடுத்த 25 ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டாம்.

பயிற்சிக்கு வெளியே போக வேண்டியதில்லை. பேரேட்டில் உள்ள ஒவ்வொரு நிலையையும் ஒரு அட்டையில் வரைந்து, பின்பக்கம் பதிலையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதுங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை. முன்பக்கம் யார் ஆட வேண்டும் என்பதைத் தவிர வேறு குறிப்பு இருக்கக்கூடாது. அதிரடி மூவ் உள்ள நிலைகளை மட்டும் சேர்த்தால், எல்லா இடத்திலும் அதிரடியைத் தேடும் கெட்ட பழக்கம் வரும். அதனால் நான்கில் ஒரு அட்டையாவது, அமைதியாக ஒரு சிப்பாயை நகர்த்துவதோ காய் மாற்றைத் தவிர்ப்பதோ சரியான பதிலாக உள்ள நிலையாக இருக்கட்டும்.

ஹாலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

கதவைத் தாண்டி வரும் பிள்ளையிடம் முதல் கேள்வியாக "ஏன் தோத்தே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, சாக்குதான் கிடைக்கும்: வெளிச்சம் சரியில்லை, பக்கத்துப் போர்டில் சத்தம். அது நோட்டில் ஏறினால் கணக்கே பொய்யாகிவிடும். முதலில் தண்ணீர், சாப்பாடு. பிறகு, "எந்த மூவ்டா கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். செஸ் தெரியாத அம்மாவாலும் இதைக் கேட்க முடியும், நேரக் குறிப்பைப் படிக்கவும் முடியும். "பன்னிரண்டாவது மூவுக்குப் பதினெட்டு நிமிசம் ஆகியிருக்கே, என்ன யோசிச்சே?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே எழுதிக்கொடுத்தால் போதும். பத்து வயதுக்குக் கீழே ஒரு ஆட்டத்துக்கு ஒரு இடம் போதும். பேரேட்டைப் பிள்ளையின் கையெழுத்திலேயே வைத்திருங்கள். அதை உறவினரிடம் எடுத்துக்காட்டிப் பேசாதீர்கள். அப்படிப் பேசினால், அடுத்த வாரத்திலிருந்து நல்ல மூவ் மட்டும்தான் அதில் எழுதப்படும்.

நோட்டு நிரம்பியதும் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு வருடம் கழித்து எடுத்து, வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் அன்று நினைத்ததை மட்டும் படித்து, அந்த நிலையைப் பலகையில் அடுக்கி, இன்று என்ன ஆடுவீர்கள் என்று எழுதுங்கள். பிறகு தாளை எடுங்கள். அப்போதும் அதே மூவை ஆடும் இடம் இருந்தால், அந்த அட்டை மறுபடியும் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற சுற்றுக்குப் போகட்டும்.